லோகோவைத் தீர்மானிப்பது யார்? தன்னார்வ மென்பொருள் சமூகங்களின் ஆட்சிமுறை குறித்து ஓர் ஆய்வு

1. கேள்வி

கட்டற்ற மென்பொருள் ஒன்றின் நிரலை யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம், திருத்தலாம், திருத்தியதைப் பிறருக்குக் கொடுக்கலாம், விற்கவும் செய்யலாம். திட்டத்தை நடத்துபவர்களோடு ஒத்துப்போக முடியவில்லை என்றால், நிரலை நகலெடுத்துக்கொண்டு வெளியேறி வேறொரு திட்டமாக வளர்க்கலாம். இந்த வெளியேறும் உரிமைதான் தன்னார்வ மென்பொருள் சமூகங்களின் சுதந்திரத்துக்கு ஆணிவேர் என்று பலரும் எழுதியிருக்கிறார்கள். தலைமை தவறு செய்தால் தட்டிக்கேட்க வேறு வழி இல்லாவிட்டாலும் இந்த ஒரு வழி எப்போதும் திறந்திருக்கும்.

ஆனால் வெளியேறுபவர் கையோடு எடுத்துச்செல்ல முடியாதவையும் உண்டு. அவை திட்டத்தின் பெயரும் லோகோவும். நிரலுக்கு உரிமம் வழங்கும் ஆவணங்கள் பெரும்பாலும் இவ்விரண்டைப் பற்றிப் பேசுவதில்லை; பேசினால், தருவதில்லை என்று சொல்லவே பேசுகின்றன. பத்தாண்டு உழைத்த நிரலாளர், மொழிபெயர்ப்பாளர், ஆவணம் எழுதியவர் என எல்லோரும் சேர்ந்து அந்த லோகோவுக்கு ஒரு மதிப்பைச் சேர்த்திருப்பார்கள். அதை மாற்றவோ, காக்கவோ, பிறருக்குத் தரவோ முடிவெடுக்கும் உரிமை அவர்களில் யாருக்கு இருக்கிறது?

இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியை லினக்ஸ், டெபியன், ஃப்ரீபிஎஸ்டி, ஃபெடோரா, ஃபயர்ஃபாக்ஸ் முதலான திட்டங்களின் வரலாற்றை வைத்து ஆராய்கிறது. அழகியல் இங்கே பொருளல்ல. ஒரு படத்தைத் தேர்ந்தெடுக்கும் தருணத்தில் சமூகத்தின் உண்மையான அதிகார அமைப்பு வெளியே தெரிகிறது. அந்த அமைப்பே இங்கே பொருள்.

2. இதுவரையிலான விளக்கங்கள்

லோகோ விவாதங்களைப் பற்றி மென்பொருள் உலகில் மிகப் பரவலாக இருக்கும் விளக்கம் மிதிவண்டிக் கொட்டகைக் கதை. நார்த்கோட் பார்க்கின்சன் 1957இல் எழுதியது அது. அணு உலைக்கான பெருந்தொகையை நிமிடங்களில் ஒப்புக்கொள்ளும் குழு, ஊழியர்களின் மிதிவண்டிக் கொட்டகைக்கு நெடுநேரம் வாதிடுகிறது. காரணம், உலை யாருக்கும் புரிவதில்லை, கொட்டகை எல்லோருக்கும் புரிகிறது. 1999இல் ஃப்ரீபிஎஸ்டி நிரலாளர் பவுல்-ஹென்னிங் காம்ப், ஒரு சிறு கட்டளையில் செய்யவிருந்த மாற்றத்தைச் சுற்றி எழுந்த நீண்ட வாக்குவாதத்தைக் கண்டித்து இக்கதையைத் தம் சக நிரலாளர்களுக்கு நினைவூட்டினார். அதன்பின் லோகோவைப் பற்றி யார் பேசினாலும் ‘இது கொட்டகை விவாதம்’ என்று முத்திரை குத்திவிடுவது வழக்கமாயிற்று.

இந்த விளக்கம் பாதி உண்மை. லோகோவைப் பற்றிக் கருத்துச் சொல்ல நிரல் எழுதத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஆகவே பேசுவோர் கூடுகிறார்கள். ஆனால் இதைச் சொல்பவர்கள் பெரும்பாலும் ஏற்கெனவே முடிவெடுக்கும் இடத்தில் இருப்பவர்கள் என்பதையும் கவனிக்க வேண்டும். விவாதத்தை அற்பமானது என்று ஒதுக்கிவிட்டால், முடிவு தானாகவே அவர்கள் கைக்குப் போய்விடும்.

இரண்டாவது விளக்கம் ‘செய்பவரே தீர்மானிப்பவர்’ என்ற மரபு. தன்னார்வத் திட்டங்களில் யாரும் யாருக்கும் ஆணையிட முடியாது. எனவே எந்த வேலையை யார் முன்வந்து செய்கிறாரோ, அந்த வேலையில் அவர் சொல்லே எடுபடும். எரிக் ரேமண்ட் 1990களின் இறுதியில் எழுதிய கட்டுரைகள், இச்சமூகங்களில் உரிமை என்பது தொடர்ந்து உழைப்பவருக்கு வந்து சேர்கிறது என்று வாதிட்டன. நிரலுக்கு இது பொருந்துகிறது. ஒரு கோப்பில் நான் செய்யும் மாற்றத்தைப் பிடிக்காதவர் தம் நகலில் அதை நீக்கிவிடலாம். லோகோவில் அந்த வசதி கிடையாது. அது எல்லோர் நெற்றியிலும் ஒரே நேரத்தில் இடப்படுவது. அதை வரைந்தவர் என்பதாலேயே ஒருவர் எல்லோருக்காகவும் தீர்மானிக்க முடியுமா என்ற இடத்தில் இந்த மரபு தடுமாறுகிறது.

மூன்றாவது விளக்கத்தை நான் அதிகம் மதிக்கிறேன். ஷிவான் ஓமஹோனி 2003இல் வெளியிட்ட ஆய்வு, சமூகமே நடத்தும் மென்பொருள் திட்டங்கள் தங்கள் பொதுச்சொத்தை எப்படிக் காக்கின்றன என்று பட்டியலிட்டது. உரிமங்களோடு சேர்த்து, இலாபநோக்கற்ற அமைப்பை நிறுவுவதையும் பெயரையும் லோகோவையும் வணிகக் குறியாகப் பதிவதையும் அவர் குறிப்பிட்டார். லோகோ அற்பப் பொருள் அன்று, பாதுகாக்க வேண்டிய பொதுச்சொத்து என்று இந்தப் பார்வை நமக்குச் சொல்கிறது. ஆனால் காப்பவர் யார், அவரை யார் கேள்வி கேட்பது என்பதை அது போதிய அளவு துருவவில்லை. இதற்கு மென்பொருள் உலகுக்கு வெளியிலிருந்து ஓர் உதவி கிடைக்கிறது. பெண்ணிய இயக்கத்துக்குள்ளிருந்து 1970களின் தொடக்கத்தில் ஜோ ஃப்ரீமன் எழுதினார்: தலைமையே இல்லை, அமைப்பே இல்லை என்று சொல்லிக்கொள்ளும் குழுவிலும் தலைமை இருக்கும், அது எழுதப்படாததால் அதைப் பொறுப்பாக்க முடியாது. லோகோ வரலாறுகளைப் படிக்கும்போதெல்லாம் அவருடைய வாதம்தான் எனக்கு மேலெழுந்து நிற்கிறது.

3. போட்டியில் தோற்ற பென்குயின்

லினக்ஸ் என்றதும் நினைவுக்கு வரும் கொழுகொழு பென்குயினை லாரி யூயிங் 1996இல் கிம்ப் என்ற கட்டற்ற வரைகலை மென்பொருளைக் கொண்டு வரைந்தார். பென்குயின் என்ற எண்ணத்துக்குத் தொடக்கம் தந்தவர்களில் ஆலன் காக்ஸ் ஒருவர். அது எப்படி இருக்க வேண்டும் என்று விவரித்தவர் லினக்ஸைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸ்: வயிறார உண்டு நிறைவோடு உட்கார்ந்திருக்கும் பறவை. அக்காலத்தில் லினக்ஸுக்கு லோகோ தேடி மூன்று போட்டிகள் நடந்தன. யூயிங்கின் பென்குயின் அவற்றில் ஒன்றிலும் வெல்லவில்லை. போட்டிகளில் வென்ற படங்களை இன்று நினைவில் வைத்திருப்பவர் அரிது. தோற்ற பென்குயின் உலகெங்கும் பரவியது. ‘டக்ஸ்’ என்ற பெயரும் பெற்றது.

இதை வைத்து ‘மக்களே தேர்ந்தெடுத்தார்கள், வாக்கெடுப்பு தேவையில்லை’ என்று முடிவுக்கு வருவது எளிது. ஆனால் இரண்டு செய்திகள் அந்த முடிவைத் தடுக்கின்றன. முதலாவது, டோர்வால்ட்ஸின் விருப்பம். எந்தப் பதவியும் இல்லாமலேயே அவர் சொல்லுக்கு இருந்த எடை, வேறு எந்தப் பங்களிப்பாளரின் வாக்குக்கும் இல்லை. ஃப்ரீமன் சொன்ன எழுதப்படாத தலைமை இங்கே அன்பான முகத்தோடு இயங்கியது. இரண்டாவது, யூயிங் அந்தப் படத்துக்குத் தந்த அனுமதி. யாரும் பயன்படுத்தலாம், மாற்றலாம். யாராவது கேட்டால் தம்மையும் கிம்பையும் குறிப்பிட்டால் போதும். இந்தத் தாராளம் இல்லாதிருந்தால் நூற்றுக்கணக்கான உருமாற்றங்களோடு டக்ஸ் பரவியிருக்காது. பயன்பாட்டால் ஒரு சின்னம் நிலைபெற, பயன்படுத்தும் உரிமை முதலில் இருந்தாக வேண்டும்.

பெயரின் கதை வேறு. ‘லினக்ஸ்’ என்ற சொல்லைத் திட்டத்தோடு தொடர்பில்லாத ஒருவர் 1990களின் நடுவில் அமெரிக்காவில் தம் பெயரில் வணிகக் குறியாகப் பதிந்துகொண்டார். சட்டப் போராட்டத்துக்குப் பின் 1997இல்தான் அது டோர்வால்ட்ஸ் பெயருக்கு மாறியது. படத்தைத் திறந்துவிட்டதால் ஒரு தொல்லையும் வரவில்லை. பெயரைக் காக்காமல் விட்டதால் தொல்லை வந்தது. லோகோவையும் பெயரையும் ஒரே பொருளாகக் கருதிச் சட்டம் வகுப்பவர்கள் இந்த வேறுபாட்டைக் கவனிப்பதே இல்லை.

2009இல் ஒரு சிறு நிகழ்வு. லினக்ஸ் 2.6.29 வெளியீட்டில் மட்டும் பென்குயின் இருந்த இடத்தில், பென்குயின் அலகை மாட்டிக்கொண்ட டாஸ்மேனியன் டெவில் என்ற விலங்கு தோன்றியது. முகப்புற்றால் அழிந்துவரும் அவ்விலங்கின் மீது கவனம் ஈர்க்க, ஹோபார்ட்டில் நடந்த லினக்ஸ் மாநாட்டின் சின்னத்தை அந்த ஒரு வெளியீட்டுக்கு எடுத்துக்கொண்டார்கள். வாக்கெடுப்பு எதுவும் நடக்கவில்லை. டோர்வால்ட்ஸ் மாற்றத்தை ஏற்றுக்கொண்டார், அவ்வளவுதான். நல்ல நோக்கத்துக்காக நடந்ததால் எவரும் அதிகாரக் கேள்வி எழுப்பவில்லை. அதே வழியில் வேறொரு படம் வந்திருந்தாலும் தடுக்க விதி ஏதும் இல்லை என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

4. டெபியன், 1999

இந்தக் கேள்வியை நேருக்கு நேர் சந்தித்த சமூகம், லினக்ஸ் வழங்கல்களில் ஒன்றான டெபியன். 1993இல் இயன் மர்டாக் தொடங்கிய இந்தத் திட்டம், 1997இல் தன் சமூக ஒப்பந்தத்தையும் 1998 டிசம்பரில் தன் அரசியலமைப்பையும் ஏற்றுக்கொண்டது. தலைவர் ஆண்டுதோறும் தேர்தலில் தேர்ந்தெடுக்கப்படுவார். அவர் முடிவையும் உறுப்பினர்கள் பொதுத் தீர்மானத்தால் மாற்றலாம். அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்த மறு ஆண்டே லோகோ விவகாரம் வந்தது.

டெபியன் உறுப்பினர்கள் 1999இல் லோகோவைப் பற்றி ஒரு முறைக்கு மேல் வாக்களித்தார்கள். படத்தின் அழகுக்கு முன்பே அதன் உரிமம் பற்றிய கேள்வி எழுந்தது. தாராளமாக யாரும் பயன்படுத்தக்கூடிய லோகோ ஒன்று. டெபியனின் அதிகாரபூர்வச் செயல்களுக்கு மட்டும் உரிய லோகோ ஒன்று. இப்படி இரண்டாகப் பிரிப்பது என்று அவர்கள் முடிவுசெய்தார்கள். போட்டியில் ரவுல் சில்வாவின் வடிவமைப்பு வென்றது: ஒரு குப்பியும் அதிலிருந்து புகைபோல் எழும் செந்நிறச் சுழியும். அதன்பின் இன்னொரு வாக்கெடுப்பு: இரண்டில் எதைத் திறந்த லோகோவாகவும் எதை அதிகாரபூர்வ லோகோவாகவும் வைப்பது, அவற்றை இடம் மாற்றலாமா என்பது. இன்று சுழி மட்டும் உள்ள வடிவம் யாரும் பயன்படுத்தக்கூடியது. குப்பியோடு கூடியது கட்டுப்பாடுகளுக்கு உட்பட்டது. மடிக்கணினிகளிலும் சட்டைகளிலும் நாம் காண்பது சுழியைத்தான். குப்பியைப் பார்த்தே இராத டெபியன் பயனாளர்கள் ஏராளம்.

இதில் எனக்கு முதன்மையாகப் படுவது வாக்களித்தது எதைப் பற்றி என்பதே. ‘எந்தப் படம் பிடித்திருக்கிறது?’ என்று மட்டும் கேட்டிருந்தால் அது ரசனை வாக்கெடுப்பாக முடிந்திருக்கும். யார், எந்த நிபந்தனையில், எதற்குப் பயன்படுத்தலாம் என்பதையும் உறுப்பினர்களிடமே கேட்டார்கள். அதிகாரத்தின் உள்ளடக்கத்தை அவர்கள் கைக்குக் கொடுத்தார்கள்.

வாக்களிக்கும் முறையும் கவனத்துக்குரியது. பத்து வடிவங்களில் ஒன்றுக்கு மட்டும் வாக்களிக்கச் சொன்னால், ஒன்றுபோல் இருக்கும் நான்கு நல்ல வடிவங்கள் தங்களுக்குள் வாக்கைப் பிரித்துக்கொண்டு தோற்கும். பெரும்பான்மையோருக்குப் பிடிக்காத தனி வடிவம் வென்றுவிடும். லோகோப் போட்டிகளில் இது அடிக்கடி நேரும், ஏனென்றால் ஒரே வடிவமைப்பாளர் ஒரே கருத்தைச் சிறு மாற்றங்களோடு பல படங்களாக அனுப்புவது இயல்பு. டெபியன் அரசியலமைப்பின்படி உறுப்பினர் எல்லாத் தெரிவுகளையும் தம் விருப்ப வரிசையில் அடுக்குவார். தெரிவுகளை இரண்டிரண்டாக ஒப்பிட்டு, மற்ற ஒவ்வொன்றையும் வெல்லும் தெரிவு எதுவெனப் பார்ப்பார்கள். 2003இல் இம்முறையை மேலும் செப்பனிட்டு, ஒன்றுபோன்ற தெரிவுகள் முடிவைக் குலைக்காதபடி செய்தார்கள். இவற்றோடு ‘இன்னும் விவாதிப்போம்’ என்ற தெரிவும் எப்போதும் வாக்குச்சீட்டில் இருந்தது. வந்தவற்றில் எதுவும் வேண்டாம் என்று சொல்லும் உரிமை அது. எத்தனையோ லோகோப் போட்டிகளில் இந்த ஒரு வரி இல்லாததால், யாருக்கும் மனநிறைவு தராத படம் ‘வென்றதாக’ அறிவிக்கப்படுகிறது.

லோகோவின் சட்ட உரிமை டெபியன் தலைவரிடமோ வரைந்தவரிடமோ இல்லை. 1997இல் நிறுவப்பட்ட ‘சாஃப்ட்வேர் இன் தி பப்ளிக் இன்ட்ரஸ்ட்’ என்ற இலாபநோக்கற்ற அமைப்பு டெபியனுக்காக அதை வைத்திருக்கிறது. வைத்திருப்பவர் ஒருவர், முடிவெடுப்பவர் வேறொருவர் என்ற இந்தப் பிரிவினை டெபியன் அமைப்பின் பலம்.

5. பீஸ்டிக்குப் பக்கத்தில் ஓர் உருண்டை

ஃப்ரீபிஎஸ்டி சமூகத்தின் சிக்கல் வேறு வகை. சூலம் ஏந்தி, காலணி அணிந்து, சிரித்த முகத்தோடு நிற்கும் ‘பீஸ்டி’ என்ற குட்டிச் சாத்தான் பிஎஸ்டி இயங்குதளக் குடும்பத்தின் பழைய அடையாளம். பின்னாளில் பிக்ஸார் திரைப்படங்களை இயக்கிய ஜான் லாசெட்டர் 1980களில் வரைந்த வடிவமே அதற்குப் புகழ் தேடித்தந்தது. அதன் பதிப்புரிமை பிஎஸ்டி முன்னோடிகளில் ஒருவரான மார்ஷல் கிர்க் மெக்கூசிக்கிடம் இருக்கிறது. அதாவது சமூகம் தன் முகமாகக் கருதிய உருவத்தின் உரிமை தனிமனிதர் ஒருவரிடம் இருந்தது. அவர் அதைப் பொறுப்போடும் அன்போடும் பார்த்துக்கொண்டார் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அந்த ஏற்பாடு அவர் நல்லவராக இருந்ததையே நம்பி நின்றது.

2005இல் ஃப்ரீபிஎஸ்டி லோகோப் போட்டியை அறிவித்தது. பல வண்ணங்களும் நுணுக்கங்களும் கொண்ட பீஸ்டியைச் சிறிய அளவில் அச்சிடுவது கடினம். சாத்தான் உருவத்தை மத உணர்வோடு பார்த்துத் தயங்கும் நிறுவனங்களும் இருந்தன. பீஸ்டியைக் கைவிடுகிறார்கள் என்று பழைய பயனாளர்கள் கொதித்தார்கள். திட்டத்தினர் மாஸ்காட் வேறு, லோகோ வேறு என்று பிரித்துப் பதில் சொன்னார்கள்: பீஸ்டி மாஸ்காட்டாகத் தொடரும், லோகோ மட்டும் புதிது. அந்த ஆண்டு அக்டோபரில் ஆன்டன் குரால் வடிவமைத்த, இரு கொம்புகள் கொண்ட சிவப்பு உருண்டை தேர்வானது. அதன் வணிகக் குறி உரிமை ஃப்ரீபிஎஸ்டி அறக்கட்டளையிடம் இருக்கிறது.

அந்தக் கொதிப்பைக் கொட்டகை விவாதம் என்று ஒதுக்க முடியுமா? முடியாது என்பதே என் கருத்து. வெளியிலிருப்பவரின் வசதிக்காக நம் அடையாளத்தை மாற்ற வேண்டுமா என்ற கேள்வி எந்தச் சமூகத்துக்கும் அற்பமானதாக இருக்காது. இரண்டையும் வைத்துக்கொள்ளும் தீர்வு சரியானது. ஆனால் அது போட்டி அறிவிப்புக்கு முன்பே உறுப்பினர்களோடு பேசி எட்டப்பட்டிருந்தால் பாதிக் கசப்பு குறைந்திருக்கும்.

6. போட்டி என்ற முறையின் குறை

பெரும்பாலான சமூகங்கள் லோகோ வேண்டும் என்றதும் போட்டியை நாடுகின்றன. திறந்தது, நியாயமானது, எவரும் பங்கேற்கலாம் என்பது அதன் ஈர்ப்பு. ஆனால் அதே சமூகங்கள் நிரலை உருவாக்கும் முறையோடு ஒப்பிட்டால் போட்டி அதற்கு நேர் எதிரானது. நிரல் மாற்றம் ஒன்று வரைவாக வருகிறது, மற்றவர்கள் படித்துக் குறை சொல்கிறார்கள், எழுதியவர் திருத்துகிறார், பல கை பட்ட பிறகே ஏற்கப்படுகிறது. போட்டியிலோ ஒவ்வொருவரும் தனித்திருந்து முடித்த படத்தைக் கொடுக்க வேண்டும். ஒருவர் வெல்வார், மற்றவர் உழைப்பு வீணாகும். கேள்விகள் கேட்டு, திட்டத்தைப் புரிந்துகொண்டு, மீண்டும் வரைய வாய்ப்பே கிடையாது. ஊதியம் உறுதியில்லாமல் முழு வேலையையும் முன்கூட்டியே கேட்பதை வடிவமைப்பாளர் அமைப்புகள் நெடுங்காலமாக எதிர்த்து வருகின்றன. அமெரிக்காவின் ஏஐஜிஏ அவற்றில் ஒன்று.

மாற்று வழிக்கு ஃபெடோரா எடுத்துக்காட்டு. அதன் 2005ஆம் ஆண்டு லோகோ ஒற்றை வண்ணத்தில் சரியாக அச்சாகவில்லை, கருமையான பின்னணியில் எடுபடவில்லை, நடுவிலிருந்த எழுத்து ஃபேஸ்புக்கை நினைவூட்டியது, பெயரின் எழுத்துருவும் கட்டற்றதாக இல்லை. ரெட் ஹாட் நிறுவனத்தின் வடிவமைப்பாளர் மாரீன் டஃபி 2018இல் இந்தக் குறைகளை ஒவ்வொன்றாக எழுதி வெளியிட்டு வேலையைத் தொடங்கினார். வரைவுகள் எல்லோர் கண்ணிலும் பட்டன. கருத்துகள் வந்தன, அவற்றை அவர் வாக்குகளாக எண்ணவில்லை, காரணங்களாகப் படித்தார். ‘பிடிக்கவில்லை’ என்பதைவிட ‘சிறிய அளவில் இது வேறு எழுத்தாகத் தெரிகிறது’ என்பது எடையுள்ள கருத்து. புதிய லோகோ 2021இல் நடைமுறைக்கு வந்தது.

நான் பார்த்தவற்றுள் வடிவமைப்பு முறையாக இதுவே சிறந்தது. ஆனால் முடிவெடுக்கும் உரிமை என்ற அளவில் இதிலும் ஓர் இடைவெளி உண்டு. ஃபெடோராவின் வணிகக் குறிகள் ரெட் ஹாட்டுக்குச் சொந்தம். எந்த வடிவமும் அந்நிறுவனத்தின் சட்டத் துறையைக் கடந்தே வர வேண்டும். சமூகம் பேசலாம், செதுக்கலாம். இறுதி இசைவு வேறிடத்தில் இருக்கிறது.

ஃபயர்ஃபாக்ஸை உருவாக்கும் மோசில்லா 2016இல் இதை இன்னும் வெளிப்படையாகச் செய்தது. லண்டனின் ஜான்சன் பேங்க்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்து, பணியின் ஒவ்வொரு கட்டத்தையும் உலகுக்குக் காட்டியது; அந்த ஆகஸ்டில் ஏழு கருத்துருக்களை முன்வைத்துப் பொதுமக்கள் கருத்தைக் கேட்டது. வாக்கெடுப்பு நடத்தவில்லை. 2017 ஜனவரியில் இறுதி லோகோவை அறிவித்தது. 2024இல் அதை மாற்றி மற்றொன்று வந்துவிட்டது. பார்க்க அனுமதிப்பதும் தீர்மானிக்க அனுமதிப்பதும் ஒன்றல்ல என்பதை அந்நிறுவனம் மறைக்கவில்லை; அந்த நேர்மையை நான் மதிக்கிறேன்.

7. உரிமை யார் பெயரில்?

2006இல் டெபியனும் மோசில்லாவும் மோதியபோது இந்தக் கேள்வி முழு வடிவம் பெற்றது. ஃபயர்ஃபாக்ஸின் நிரல் கட்டற்றது. உருண்டையைச் சுற்றிய நரியின் படமோ கட்டற்ற உரிமத்தில் இல்லை. கட்டற்றவை மட்டுமே இடம்பெறலாம் என்ற தன் நெறியின்படி டெபியன் படத்தை விட்டுவிட்டுப் பெயரை மட்டும் வைத்துக்கொண்டது. பெயரும் லோகோவும் சேர்ந்தே வர வேண்டும், டெபியன் செய்யும் மாற்றங்களுக்கும் தங்கள் ஒப்புதல் வேண்டும் என்றது மோசில்லா. டெபியன் அதே நிரலுக்கு ‘ஐஸ்வீசல்’ என்று வேறு பெயர் வைத்தது. 2016வரை பத்தாண்டுகள் அந்தப் பெயர் நீடித்தது.

இதில் மோசில்லா பக்கமும் நியாயம் உண்டு. போலி ஃபயர்ஃபாக்ஸைத் தரவிறக்கி ஏமாறும் பயனாளரைக் காக்க வணிகக் குறி தேவை. ஆனால் பதிப்புரிமையும் வணிகக் குறியும் இரு வேறு சட்டங்கள். படத்தைக் கட்டற்ற உரிமத்தில் தந்துவிட்டு, ஏமாற்றும் பயன்பாட்டை மட்டும் வணிகக் குறிச் சட்டத்தால் தடுக்க முடியும். டெபியன் தன் திறந்த லோகோவுக்குப் பின்னாளில் இதையே செய்தது; சுழி இன்று கட்டற்ற உரிமங்களின் கீழ் கிடைக்கிறது, டெபியனுக்கு வணிகக் குறிக் கொள்கையும் இருக்கிறது.

பெர்ல் நிரல்மொழியின் ஒட்டகம் சமூகத்துக்கு வெளியிலிருந்து வந்தது. 1991இல் ஓ’ரெய்லி பதிப்பகம் வெளியிட்ட பெர்ல் நூலின் அட்டையில் இருந்த விலங்கு அது. நிரலாளர்கள் அதையே தங்கள் சின்னமாக்கிக்கொண்டார்கள். வணிகக் குறி உரிமை பதிப்பகத்திடம் இருந்தது. பெர்ல் அறக்கட்டளை தனக்கென வெங்காயத்தைச் சின்னமாக வைத்துக்கொண்டது.

ரஸ்ட் மொழியில் 2023 ஏப்ரலில் நடந்தது இன்னும் அண்மைய பாடம். ரஸ்ட் அறக்கட்டளை வெளியிட்ட வணிகக் குறிக் கொள்கையின் வரைவு, பெயரையும் பற்சக்கர லோகோவையும் சமூகத்தினர் அன்றாடம் பயன்படுத்தும் வழிகளைக்கூட நெருக்குவதாகப் பலர் எதிர்த்தார்கள். அறக்கட்டளை வருத்தம் தெரிவித்து வரைவைத் திருத்த முன்வந்தது. அதே மொழிக்கு ஃபெர்ரிஸ் என்றொரு செம்மஞ்சள் நண்டு உண்டு. சமூக உறுப்பினர் ஒருவர் வரைந்து எவரும் பயன்படுத்தும்படி விட்ட, அதிகாரபூர்வமற்ற மாஸ்காட் அது. டக்ஸ் போலவே அதுவும் நூல்களிலும் மாநாடுகளிலும் தானாகப் பரவியது.

ஓப்பன்சூசே என்ற லினக்ஸ் வழங்கலின் சமூகம் 2023 இறுதியில் புதிய லோகோவுக்காகப் போட்டியும் வாக்கெடுப்பும் நடத்தியது. மறு ஆண்டு சூசே நிறுவனம், தன் பெயரைத் திட்டம் பயன்படுத்துவதையே விட்டுவிடக் கேட்டுக்கொண்டது. லோகோவைப் பற்றி வாக்களித்தவர்களுக்கு, அந்த லோகோ தாங்கிய பெயரைப் பற்றித் தீர்மானிக்கும் உரிமை இருக்கவில்லை.

8. வாக்குச்சீட்டு கிடைக்காதவர்கள்

உறுப்பினர் வாக்கெடுப்பு மட்டும் போதுமா? விக்கிப்பீடியாவின் புதிர்க் கோளம் போதாது என்கிறது. 2003இல் பல சுற்றுப் போட்டிக்குப் பின் பல மொழி எழுத்துகள் பதித்த அந்தக் கோளம் தேர்வானது. அதில் ஜப்பானிய எழுத்திலும் தேவநாகரி எழுத்திலும் பிழைகள் இருந்தன. 2010இல் கோளத்தைப் புதிதாக வரைந்தபோதுதான் அவை திருந்தின. எல்லா மொழிகளுக்குமான கலைக்களஞ்சியம் என்ற அறிவிப்பையே தாங்கிய படத்தில், இந்தியாவின் பெருவாரியான மக்கள் வாசிக்கும் எழுத்து ஏழாண்டுகள் பிழையோடு நின்றது. வாக்குகள் குறைந்ததால் வந்த கோளாறு இது என்று சொல்ல முடியாது. அந்த எழுத்தை வாசிப்பவரிடம் காட்டிச் சரிபார்ப்பது தேர்வு முறையின் ஒரு படியாக இருந்திருந்தால் போதும்.

அப்பாச்சி மென்பொருள் அறக்கட்டளையின் இறகு இதைவிடக் கனமான கேள்வியை எழுப்பியது. அமெரிக்கப் பழங்குடி மக்களின் பெயரையும் அவர்களுடைய பண்பாட்டை நினைவூட்டும் இறகையும் அறக்கட்டளை பல ஆண்டுகள் பயன்படுத்தியது. மரியாதையால் வைத்த பெயர் என்று நிறுவியவர்கள் விளக்கினார்கள். 2023இல் நேட்டிவ்ஸ் இன் டெக் என்ற பழங்குடித் தொழில்நுட்பர் குழு இதை வெளிப்படையாக எதிர்த்தது. அறக்கட்டளை இறகைக் கைவிட்டு, 2025இல் ஓக் இலையை லோகோவாக்கியது, பெயரோ நீடிக்கிறது. அங்கே முறையான உறுப்பினர் வாக்குரிமை தொடக்கம் முதலே உண்டு. ஆனால் யாருடைய பெயர் பயன்பட்டதோ அவர்களுக்கு அதில் இடமில்லை. ஒரு சமூகத்தின் லோகோ அச்சமூகத்துக்கு மட்டும் உரிய விஷயம் என்ற எண்ணம் இங்கே உடைகிறது, உடைய வேண்டியதுதான்.

9. முடிவு

மேற்கண்ட வரலாறுகளில் லோகோவின் போக்கைத் தீர்மானித்தது பெரும்பாலும் அதை வரைந்தவரோ வாக்களித்தவரோ அல்ல. வணிகக் குறியும் பதிப்புரிமையும் யார் பெயரில் இருந்தன என்பதே. லினக்ஸில் வரைந்தவரே உரிமையைத் திறந்துவிட்டார். ஃபெடோராவிலும் ஓப்பன்சூசேயிலும் நிறுவனம் வைத்திருந்தது. டெபியனில் மட்டும் உரிமையை வைத்திருக்கும் அமைப்பு உறுப்பினர் முடிவுக்குக் கட்டுப்பட்டு நடக்கிறது. என் மதிப்பீட்டில் அந்த ஏற்பாடே நியாயமானது. வடிவமைப்பு முறைக்கு ஃபெடோராவையும் அதிகாரப் பகிர்வுக்கு டெபியனையும் சேர்த்துக் கைக்கொள்வதில் எந்தத் தடையும் இல்லை.

தமிழிலும் கட்டற்ற மென்பொருள், எழுத்துரு, மின்னூல் என்று தன்னார்வக் குழுக்கள் இயங்குகின்றன. புதியவை தோன்றியபடி இருக்கின்றன. அவற்றில் பங்கேற்போரிடம் என் வேண்டுகோள் இது. லோகோப் போட்டியை அறிவிக்கும் முன் ஒரு பக்க ஆவணம் எழுதுங்கள். முடிவெடுக்கும் உரிமை யாருக்கு, எந்த முறையில் வாக்களிப்பது, இருப்பதே போதும் என்று சொல்ல வழி உண்டா, படம் எந்த உரிமத்தில் வெளியாகும், வணிகக் குறி யார் பெயரில் பதிவாகும், அவர் விலகினால் அது யாரிடம் போகும் என்பவற்றுக்கு அதில் விடை இருக்கட்டும். அந்த ஆவணத்துக்கு உறுப்பினர்களின் ஒப்புதலைப் பெறுங்கள். அதற்குப் பிறகு படம் வரையுங்கள்.